நாகேஷ்: மேடையிலும் திரையிலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகேஷ் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் யாரும் சீக்கிரம் எழுந்து போகமாட்டார்கள். பழைய படங்களை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கும் இளையவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாகேஷ் என்பது சொந்தப் பெயரா? எந்த ஊர்?

பெற்றோர் வைத்த பெயர் நாகேஸ்வரன். வீட்டில் கூப்பிட்டது குண்டு ராவ். அந்த ஒல்லி உடம்பை நினைத்துக்கொண்டு இந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் பலர் நம்புவதில்லை. 1933 செப்டம்பர் 27 அன்று தாராபுரத்தில் பிறந்தார். அந்த ஊர் அப்போது கோயம்புத்தூர் மாவட்டம், இப்போது திருப்பூர் மாவட்டம்.

வீட்டில் பேசியது கன்னடம். அதனால்தானோ என்னவோ, தமிழின் ஒவ்வொரு வட்டாரப் பேச்சையும் வெளியிலிருந்து கவனித்துக் கேட்டவரைப் போலப் பேசினார். அக்ரஹாரத் தமிழ், தூத்துக்குடித் தமிழ், புராணப் படத்துச் செந்தமிழ் எல்லாமே அவர் வாயில் இழுவை மாறாமல் வரும்.

ரயில்வேயில் வேலை பார்த்தவர் எப்படி நடிகரானார்?

சென்னையில் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அந்தக் காலத்தில் பெரிய அலுவலகங்களில் ஊழியர்களுக்கென்று மனமகிழ் மன்றம் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது நாடகம் போடுவார்கள். கணக்கு எழுதுகிறவர் ராஜா ஆவார், டைப்பிஸ்ட் மந்திரி ஆவார். அப்படிப்பட்ட ஒரு நாடகத்தில் வேஷம் கேட்டு வாங்கினார் நாகேஷ். கிடைத்தது வயிற்றுவலிக்காரன் வேஷம். டாக்டரிடம் வந்து வலி என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு துடித்ததில் அரங்கம் சிரிப்பில் ஆடிப்போனது. அன்றைக்குத் தலைமை தாங்க வந்திருந்தவர் எம்.ஜி.ஆர். நாடகத்தின் பெரிய வேஷக்காரர்களை விட்டுவிட்டு, ஒரே ஒரு காட்சியில் வந்துபோன இந்த வயிற்றுவலிக்காரனைப் பாராட்டிப் பேசினார்.

இதை வெறும் அதிர்ஷ்டக் கதையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. வயிற்றுவலியில் இரண்டு வகை நடிப்பு உண்டு. சபையைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பு வருகிறதா என்று எட்டிப்பார்த்துக்கொண்டே துடிப்பது ஒன்று. வலியைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை என்பதுபோலத் துடிப்பது இன்னொன்று. நாகேஷ் இரண்டாவது வகை. அவர் பின்னால் செய்த நல்ல வேஷங்கள் அத்தனையிலும் இந்த வயிற்றுவலிக்காரன் இருக்கிறான். அந்த ஆளுக்கு அவன் கஷ்டம் நிஜம். சிரிப்பு பார்க்கிறவர்களுக்குத்தான்.

அவரும் கவிஞர் வாலியும் ஒரே அறையில் இருந்தார்களாமே?

ஆமாம். தியாகராய நகரில் வாய்ப்புத் தேடிய நாட்களில் வாலி, நாகேஷ், பின்னால் 'வெண்ணிற ஆடை'யில் நாயகனாக வந்த ஸ்ரீகாந்த் எல்லோரும் அறைத்தோழர்கள். கையில் காசில்லாத அந்தக் காலத்தை வாலி பிற்பாடு மேடைகளிலும் எழுத்திலும் வாஞ்சையோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தும் சினிமாவில் எப்படி இடம் கிடைத்தது?

இளம் வயதில் அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பாகிவிட்டது. நாயகன் என்றால் சிவந்த முகம், சுருள் முடி என்று இருந்த காலம் அது. 1950களின் கடைசியில் சின்னச் சின்ன வேஷங்கள் வந்தன. 1959இல் வந்த 'தாமரைக்குளம்' ஆரம்பப் படங்களில் ஒன்று. நிலைமை மாறியது 1962இல் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வந்தபோதுதான். மருத்துவமனையில் நடக்கும் கனமான கதை. மக்கள் மூச்சு விட்டுக்கொள்ள நாகேஷ் வந்துபோகும் இடங்கள்தான் இருந்தன. அதற்குப் பிறகு தழும்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

பாலசந்தருக்கும் நாகேஷுக்கும் என்ன உறவு?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

கே. பாலசந்தர் அப்போது சென்னையில் அக்கவுன்டன்ட் ஜெனரலின் ஏஜிஸ் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் குழுவின் பெயர் ராகினி ரிக்ரியேஷன்ஸ். மேஜர் சுந்தரராஜன், ஸ்ரீகாந்த், இசையமைப்பாளர் வி. குமார் எல்லோரும் அந்த வட்டத்து ஆட்கள். பகலில் வேலை, மாலையில் ஒத்திகை, சபாக்களில் நாடகம். காட்சி மாற்ற நேரமும் பணமும் இல்லாததால் பெரும்பாலும் ஒரே செட்டில் கதை நடக்கும். ஒரு மருத்துவமனை வார்டு, ஒரு ஒண்டிக்குடித்தன வீடு, அவ்வளவுதான். அந்த நாலு சுவருக்குள் இரண்டரை மணி நேரம் சபையைக் கட்டிப்போட வேண்டும் என்றால் நடிகன்தான் கதி. நாகேஷுக்கு அதுவே பள்ளிக்கூடம் ஆனது.

பாலசந்தர் செய்த பெரிய காரியம், நாகேஷை 'காமெடியன்' என்ற பெட்டிக்குள் அடைக்காமல் விட்டது. 1965இல் அவர் முதன்முதலாக இயக்கிய 'நீர்க்குமிழி' அவருடைய நாடகம்தான். அதில் நாகேஷ் வார்டையே கலகலப்பாக்கும் நோயாளி, ஆனால் சாவை நெருங்கிக்கொண்டிருப்பவன். அடுத்த ஆண்டு வந்த 'மேஜர் சந்திரகாந்த்' படத்திலோ சிரிப்புக்கே இடமில்லை. தங்கையை ஏமாற்றியவனைக் கொன்றுவிட்டு, பார்வையில்லாத ஒரு மேஜரின் வீட்டில் அடைக்கலம் புகுகிறான் ஒரு அண்ணன். கொலையுண்டவன் அந்த மேஜரின் மகனேதான். அந்தப் பதற்றத்தை நாகேஷ் முகத்தில் பாருங்கள், வேறு யாரையோ பார்ப்பதுபோல இருக்கும்.

1968இல் 'எதிர்நீச்சல்'. பல குடும்பங்கள் இருக்கும் ஒரு வீட்டில், எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து, மிச்சம் மீதியைச் சாப்பிட்டுப் படிக்கும் அனாதைப் பையன் நாகேஷ், பெயர் மாது. படுக்கை மாடிப்படிக்குக் கீழே. 'மாடிப்படி மாது' என்ற பெயர் அப்படித்தான் ஊரில் நிலைத்தது. நான் கல்லூரிக் காலத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தவன். மாது ஒரு வாய் சோற்றுக்காகச் சிரித்த முகத்தோடு நிற்கும் இடம் வரும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

'சர்வர் சுந்தரம்' நாடகமா, படமா?

முதலில் நாடகம், பாலசந்தர் எழுதியது. அது வெற்றி பெற்றதும் ஏவிஎம் வாங்கிப் படமாக்கியது. இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு, 1964இல் வெளியானது. ஓட்டலில் சர்வராக இருக்கும் சுந்தரம் சினிமா நடிகனாகப் புகழ் பெறுகிறான். அவன் மனதில் வைத்திருந்த பெண்ணோ அவன் நண்பனை விரும்புகிறாள். அந்த ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு வெளியே சிரிக்க வேண்டும்.

இந்தப் படத்தில் நாகேஷின் கைகளைக் கவனியுங்கள். டபரா டம்ளர்களை அடுக்கி எடுத்து வரும் லாகவம், மேஜை துடைக்கும் வேகம் எல்லாம் ஒரு உண்மையான சர்வரிடம் இருப்பவை. வேலை தெரிந்தவனாகக் காட்டிவிட்டுத்தான் பிறகு தடுமாறுகிறார். 'அவளுக்கென்ன அழகிய முகம்' பாட்டில் டி.எம். சௌந்தரராஜனும் எம்.எஸ். விஸ்வநாதனும் பாட்டுப் பதிவுக் கூடத்தில் நேரிலேயே வருவார்கள். அந்தப் பாட்டுக்காகவே படத்தைத் தேடிப் பார்ப்பவர்கள் உண்டு.

'காதலிக்க நேரமில்லை'யில் கதை சொல்லும் காட்சிக்கு இவ்வளவு பேர் ஏன்?

அதே 1964. ஸ்ரீதர் இயக்கம். நாகேஷின் வேஷம் செல்லப்பா. அவனுக்குச் சினிமா எடுக்க ஆசை. 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று கம்பெனியும் ஆரம்பித்தாயிற்று, அப்பாவின் பணம் மட்டும்தான் பாக்கி. அப்பா டி.எஸ். பாலையா. அவரை உட்காரவைத்துப் பேய்க்கதை ஒன்றைச் சொல்கிறான் மகன்.

கதவு கிறீச்சிடும் சத்தமும் காலடிச் சத்தமும் நாகேஷ் வாயிலிருந்தே வருகின்றன. செட் கிடையாது, இருட்டு கிடையாது. பட்டப்பகலில் ஒருவன் பேசிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் பாலையாவின் முகத்தில் இருட்டு தெரிகிறது. செல்லப்பா தன் அப்பாவைக் கிண்டல் செய்யவில்லை என்பதுதான் இந்தக் காட்சியின் உயிர். அவன் நிஜமாகவே ஒரு மகத்தான படம் எடுக்கப்போகிறான் என்று நம்புகிறான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லோரும் நாகேஷைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் காட்சியில் பாதி பாலையாவுடையது. கேட்பவன் பயந்தால்தானே சொல்பவன் ஜெயிக்க முடியும்? பாலையாவும் நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவர்தான். மேடை தெரிந்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் இடம் விட்டு நடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

தருமி வேஷம் உண்மையிலேயே அவ்வளவு பெரிய சாதனையா?

ஆமாம். எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் இது ஒரு பகுதி மட்டுமே. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற சந்தேகத்தைத் தீர்க்கும் பாட்டுக்கு ஆயிரம் பொற்காசு என்று பாண்டிய மன்னன் அறிவிக்கிறான். தருமி ஏழைப் புலவன், பாட்டு எழுத வராது. கோயிலில் புலம்பிக்கொண்டிருக்கும்போது சிவபெருமானே புலவர் உருவில் வந்து பாட்டைக் கொடுக்கிறார். அது குறுந்தொகையில் இறையனார் பெயரில் உள்ள 'கொங்குதேர் வாழ்க்கை'. சபையில் நக்கீரர் குற்றம் சொல்ல, தருமி அவமானத்தோடு திரும்புகிறான். சிவனாக சிவாஜி, மன்னனாக முத்துராமன், நக்கீரராகப் படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனே. நாகராஜனும் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்.

பரஞ்சோதி முனிவரின் புராணத்திலேயே உள்ள பாத்திரம்தான் தருமி. ஆனால் தமிழ்நாட்டில் இன்றைக்குத் தருமி என்றால் ஒரு முகம்தான் நினைவுக்கு வரும். சொக்கநாதரிடம் அவன் தனியாகப் பேசும் இடத்தைக் கவனியுங்கள். எதிரில் யாரும் இல்லை. கோயில் தூண்களும் அவனும்தான். ஆயிரம் பொன் ஒருமுறை கைக்கு வந்துவிட்டதுபோலத் துள்ளுகிறான். அடுத்த நொடி, அது தனக்கு இல்லை என்ற நினைப்பு வந்து கால் மடங்குகிறது. கோபம் வருகிறது, யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை. கடவுளிடமே சண்டைக்குப் போகிறான், பிறகு கெஞ்சுகிறான். மேலே கிடக்கும் துண்டு தோளுக்கும் இடுப்புக்கும் கைக்குமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. எதிரில் ஆளே இல்லாமல் ஒரு முழு உரையாடலையும் நடத்திவிடுகிறார்.

மயிலாப்பூர்க் குளத்தருகே தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்துத்தான் இந்தப் புலம்பலைப் பிடித்தார் என்று சொல்வார்கள். எங்கிருந்து பிடித்தாலும் சரி, பட்டினி கிடந்த ஒருவனுக்குத்தான் இப்படிப் பேச்சு வரும்.

அப்புறம் இன்னொரு விஷயம். எங்கள் ஊர்த் திருவிழாவிலும் கல்யாண வீடுகளிலும் குழாய் ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' கதை வசனத்தைப் போட்டுவிடுவார்கள். படத்தைப் பார்ப்பதற்குப் பல வருஷம் முன்பே தருமியை நான் காதால் அறிந்துவிட்டேன். வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்று, அடுத்த வசனத்தை நாகேஷுக்கு முன்னால் தாங்களே சொல்லிச் சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். சேஷ்டையை நம்பி மட்டும் நடிப்பவரால் குரலை வைத்து இதைச் செய்ய முடியாது.

வசனமெல்லாம் அவரே சேர்த்துக்கொண்டதா?

நாகேஷ் படப்பிடிப்புத் தளத்தில் நிறையச் சேர்ப்பார் என்பது உண்மைதான். ஆனால் எழுதியவர்களின் பங்கை மறந்துவிடக் கூடாது. ஓஹோ புரொடக்ஷன்ஸுக்குப் பின்னால் சித்ராலயா கோபுவின் பேனா இருக்கிறது. தருமிக்குப் பின்னால் ஏ.பி. நாகராஜனின் தமிழ் இருக்கிறது. நாகேஷ் சேர்த்தது பெரும்பாலும் பேச்சுக்கு நடுவே உள்ளவை: ஒரு தயக்கம், பாதியில் நின்றுபோகும் சொல், எதிராளி பேசும்போது கண்ணில் ஓடும் கணக்கு.

சவடால் வைத்தியும் நகைச்சுவை வேஷம்தானே?

இல்லை, அப்படிச் சொல்ல மாட்டேன். 'தில்லானா மோகனாம்பாள்' 1968இல் வந்தது, கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடர்கதை. வைத்தி பணக்காரர்களுக்குப் பெண் பிடித்துக் கொடுக்கும் தரகன். சிரிக்கச் சிரிக்கப் பேசியே ஒரு பெண்ணின் வாழ்க்கையை விலை பேசுகிறவன். மோகனாவின் தாயாக வரும் சி.கே. சரஸ்வதியிடம் அவன் குழைந்து பேசும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, முதுகும் சில்லிடுகிறது. இப்படிப்பட்ட ஆட்கள் அந்தக் காலக் கலை உலகத்தைச் சுற்றி இருந்தார்கள். அவர்களைக் கொம்பும் கோரைப்பல்லும் வைக்காமல், நாலு பேருக்குப் பிடித்த மனிதனாகவே காட்டினார் நாகேஷ்.

மனோரமாவோடு எத்தனையோ படங்கள் ஜோடியாக நடித்தாரே?

அதில் எனக்குப் பிடித்தது 1967இல் வந்த 'அனுபவி ராஜா அனுபவி'. நாகேஷுக்கு இரட்டை வேஷம். 'முத்துக்குளிக்க வாரீகளா' பாட்டில் இருவரின் ஆட்டத்தையும் பாருங்கள். நாகேஷ் நடனம் முறையாகக் கற்றவர் அல்ல. ஆனாலும் எலும்பே இல்லாததுபோல உடம்பு வளையும். மனோரமாவும் நாடக மேடையில் வளர்ந்தவர் என்பதால் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிந்தது.

அவர் வேஷங்களை இந்தியில் செய்தது யார்?

பெரும்பாலும் மெஹ்மூத். 'காதலிக்க நேரமில்லை'யின் இந்தி வடிவமான 'ப்யார் கியே ஜா'வில் செல்லப்பாவின் இடத்தில் அவர்தான். 'சர்வர் சுந்தரம்' 1971இல் 'மைன் சுந்தர் ஹூன்' ஆனது, அதே ஆண்டில் 'எதிர்நீச்சல்' 'லாக்கோன் மே ஏக்' ஆனது. இரண்டிலும் மெஹ்மூத். 'அனுபவி ராஜா அனுபவி'யும் அவரிடமே போனது. ஒரு தமிழ் நடிகர் உருவாக்கிய வேஷங்கள் வடக்கே ஒரு பெரிய நட்சத்திரத்துக்கு வரிசையாகப் போய்ச் சேர்ந்தன என்பதைத் தமிழர்கள் நாமே அதிகம் பேசுவதில்லை.

1970களில் அவர் காணாமல் போனாரா?

முழுக்க இல்லை. தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று புது அலை வந்தது, வாய்ப்புகள் குறைந்தன. ஆனால் 1975இல் 'அபூர்வ ராகங்கள்' இருக்கிறது. குடிகார டாக்டர் சுவரில் விழும் தன் நிழலோடு மது அருந்தும் இடம், அந்தப் பத்தாண்டில் அவர் செய்த மிகச் சிறந்த சில நொடிகள். 1985இல் மகன் ஆனந்த்பாபுவை வைத்து 'பார்த்த ஞாபகம் இல்லையோ' என்ற படத்தை இயக்கினார். தியாகராய நகரில் அவர் பெயரில் ஒரு தியேட்டரும் இருந்தது.

கமல்ஹாசன் படங்களில் திரும்பி வந்தது பற்றி?

1989இல் 'அபூர்வ சகோதரர்கள்'. தர்மராஜ் என்ற கொடூர வில்லன். முதன்முதலாக அந்தப் படத்தில் அவரைப் பார்த்த குழந்தைகள் பயந்தார்கள். மறு ஆண்டே 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் முதலாளியின் பணத்தைக் கையாடிவிட்டு எந்த நேரம் மாட்டுவோமோ என்று வியர்த்து வழியும் அவினாசி. வசனம் கிரேஸி மோகன், அவரும் சபா நாடகத்துக்காரர். அந்த வேகமான சொல் விளையாட்டைத் தடுமாறாமல் பிடித்துக்கொள்ள இப்படி ஒரு பழைய மேடைக்காரர் வேண்டியிருந்தது.

1994இல் 'மகளிர் மட்டும்'. நாகேஷுக்குப் பிணம் வேஷம். வசனம் ஒன்றுகூடக் கிடையாது. மூன்று பெண்கள் ஆள் மாறித் தூக்கிவந்த சடலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இழுத்துக்கொண்டு அலைகிறார்கள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்த எடையோடு சாய்கிறது அந்த உடம்பு. முப்பது ஆண்டுகள் கைகாலையும் முகத்தையும் வைத்து விளையாடியவர், அவற்றில் ஒன்றைக்கூட அசைக்காமல் சிரிக்க வைத்தார்.

என்னென்ன விருதுகள் கிடைத்தன?

'நம்மவர்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது. தமிழக அரசின் கலைமாமணி. பத்ம விருது எதுவும் கொடுக்கப்படவில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத குறை. தேசிய விருது கிடைத்ததுகூட மகளைப் பறிகொடுத்த தந்தை வேஷத்துக்குத்தான். தருமிக்கும் மாதுவுக்கும் எதுவும் வரவில்லை. ஆனால் அந்தத் தந்தையைப் பார்த்தால் விருது தவறான இடத்துக்குப் போகவில்லை என்று புரியும். அழுகை வர வேண்டிய இடத்தில் அவருக்குப் பேச்சு வருகிறது, பேசிக்கொண்டே போகிறார்.

எப்போது மறைந்தார்?

2009 ஜனவரி 31, சென்னையில். வயது 75. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான 'தசாவதாரம்' கடைசிப் படங்களில் ஒன்று.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் எந்தப் படத்திலிருந்து ஆரம்பிக்கலாம்?

வீட்டில் குழந்தைகள் இருந்தால் 'காதலிக்க நேரமில்லை'. தனியாக உட்கார்ந்து பார்ப்பதானால் 'எதிர்நீச்சல்'. ஒரு வாரம் இடைவெளி விட்டு 'நம்மவர்'.

'திருவிளையாடல்' மட்டும் வேறு மாதிரி. தருமி வரும் பகுதியை முதலில் திரையைப் பார்க்காமல் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டாலும் சரி, போனைக் கவிழ்த்து வைத்தாலும் சரி. கேட்டு முடித்த பிறகு அதே பகுதியைப் படத்தோடு பாருங்கள். நாங்கள் தருமியை அந்த வரிசையில்தான் தெரிந்துகொண்டோம்.